யார் வீட்டுப் பிள்ளை?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்த சதுரங்க உலக வாகையர் போட்டியில் சீன நாட்டின் டிங் லிரெனை வென்று, 18 வயதிலேயே உலகப் பட்டத்தைச் சூடினார் குகேஷ். வெற்றிச் செய்தியின் பின்னாலேயே ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. உலகச் சதுரங்கத் தலைநகர் சென்னையே என்பது மீண்டும் மெய்யாயிற்று எனத் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மகிழ்ந்தார். நம் தெலுங்குப் பிள்ளை என்று ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு வாழ்த்தினார். பிறந்ததும் வளர்ந்ததும் சென்னையில் என்றனர் இப்புறத்தார். வீட்டில் பேசும் மொழி தெலுங்கு என்றனர் அப்புறத்தார். பையன் ஊர் வந்து சேரும் முன்பே, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்ற பூசல் ஊரெங்கும் பரவிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் வாழும் நமக்கு இந்த வழக்கு சிரிப்பையும் கூச்சத்தையும் ஒருங்கே தந்தது. இங்கிருந்து வடக்கே ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை. சென்னையிலிருந்து வரும் மின்தொடர் வண்டிகளுள் சில நம் நிலையத்தோடு நின்றுவிடும். சில சூலூர்ப்பேட்டை வரை சென்று திரும்பும். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மருமகளைத் தெலுங்கில் கடிந்துகொண்ட மூதாட்டி, மறுகணமே காய்கறிக்காரரிடம் தமிழில் பேரம் பேசுவதை நாள்தோறும் கேட்கிறோம். அவரிடம் சென்று, "நீங்கள் எந்தப் பக்கத்தவர்?" என்று வினவினால், இரயில் பாதைக்குக் கிழக்குப் பக்கம் என்றோ மேற்குப் பக்கம் என்றோதான் விடை வரும்.

ஒரு குழந்தைக்காகச் சாலமோன் அரசரின் முன் நின்று வழக்காடிய இரு பெண்கள் நம் நினைவுக்கு வந்தனர். ஒரு வேறுபாடு: இந்தப் பிள்ளைக்கு 18 வயது, இவருக்குச் சொந்தப் பெற்றோர் இருக்கின்றனர். தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்வதற்காகத் தம் மருத்துவத் தொழிலையே நிறுத்திவிட்டவர். தாய் மருத்துவத் துறையில் வேலை பார்த்து வீட்டைத் தாங்கினார். பயணச் செலவுக்கு நண்பர்கள் உதவிய ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டுகளில், எங்கள் பிள்ளை என்று இரு மாநிலங்கள் போட்டியிட்டதாக நாம் கேள்விப்படவில்லை. விளைச்சல் நாளில் வரப்புத் தகராறு எழுவது உழவர்க்குத் தெரிந்த செய்திதான்.

ஒருவரை 'நம்மவர்' என்று சொல்ல நமக்குள்ள உரிமை எது என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழையும் வினா. அவர் நம்மிடையே இருக்கும்வரை இவ்வினா அவ்வளவாக எழுவதில்லை. அவர் கடல் கடந்து சென்று, அயலாரிடையே ஆடி, அயலார் வாயால் புகழப்படும்போதுதான் எழுகிறது. மகன் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாயின் மகிழ்ச்சியை வள்ளுவர் பேசுகிறார். பிறர் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒளிந்திருக்கும் நுட்பம். நம் ஊர்களில் பிறர் சொன்ன பிறகே பல பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள்.

குகேஷுக்கு முன்னவரான விசுவநாதன் ஆனந்தின் வாழ்வு இதற்குத் தெளிவான சான்று. 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னை எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியிலும் இலயோலாக் கல்லூரியிலும் படித்தவர். (நம் கத்தோலிக்க நிறுவனங்களும் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் பின்தங்கியதில்லை, மயிலாடுதுறையாரைக் கேலி செய்ய நமக்குத் தகுதியில்லை.) தாயிடம் ஆட்டத்தைக் கற்று, சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தின் தால் சதுரங்கக் கழகத்தில் பெரியவர்களோடு ஆடிப் பழகி, 1987இல் உலக இளையோர் வாகையரானார்; 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் ஐரோப்பாவில் கழிந்தது. லினாரஸ், விக் ஆன் சே, டோர்ட்முண்ட் என்று பெரும் போட்டிகளெல்லாம் அங்கேயே நடந்தன. ஆகவே ஸ்பெயின் நாட்டில், மாட்ரிட் நகருக்கு அருகிலுள்ள கொலாடோ மெடியானோ என்னும் சிற்றூரில் வீடு அமைத்துக்கொண்டார். மீனவர் கடலோரத்தில் குடியிருப்பது போன்றதே இது.

தமிழ் மக்கள் அவரை நேசித்தனர் என்பதில் ஐயமில்லை. நாளிதழின் கடைசிப் பக்கத்தில் வரும் சிறு செய்தியைத் தேடிப் படித்தவர்களை நாம் அறிவோம்; அவர்களுள் பலருக்குக் குதிரை எப்படிச் செல்லும் என்பதுகூடத் தெரியாது. 2000ஆம் ஆண்டில் தெகுரானிலும், 2007இல் மெக்சிகோ நகரிலும், 2008இல் பான் நகரிலும், 2010இல் சோபியாவிலும், 2012இல் மாஸ்கோவிலும் அவர் உலகப் பட்டம் வென்றபோது, காணாத ஊர்களில் நடந்த அந்த அமைதியான போர்களை நாமே வென்றதாக உணர்ந்தோம். அந்த உணர்வைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. தன் ஊரைச் சேர்ந்த ஒருவர் வெல்லும்போது மனம் சற்றும் அசையாத மனிதரை நாம் சந்தித்ததில்லை. சந்தித்தால் அவரோடு உணவருந்த விரும்பமாட்டோம்.

ஆயினும் இரு நிகழ்ச்சிகள் நம் மனத்தை உறுத்துகின்றன. முதலாவது, 2010 ஆகஸ்ட் மாதம் நிகழ்ந்தது. ஐதராபாத்துப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்க முன்வந்தது. அப்போது அவர் இந்தியக் குடிமகன்தானா என்ற ஐயம் நடுவண் அரசின் கல்வித் துறையிலிருந்து எழுந்தது. காரணம், அவர் ஸ்பெயினில் வீடு வைத்திருந்தார். நாட்டின் மூவண்ணக் கொடியை மேசைமேல் வைத்துக்கொண்டு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர், தம் இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டித் தம்மை மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தது. அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார், செய்தி முடிந்தது. வெளியே போனவன் நம்மை மறந்திருப்பான் என்ற பழைய ஐயம் ஓர் அலுவலகக் கோப்பில் புகுந்துகொண்டதே அது. அந்த ஐயம் கோப்புகளுக்கு மட்டும் உரியதன்று. நம் திண்ணைகளிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, 2013 நவம்பர். உலகப் பட்டப் போட்டியே சென்னைக்கு வந்தது. தமிழக அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. எதிரே நார்வே நாட்டின் மாக்னஸ் கார்ல்சன், 22 வயது இளைஞர். 12 ஆட்டங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. பத்தாவதிலேயே எல்லாம் முடிந்தது. ஆனந்த் மூன்றில் தோற்று, ஏழில் சமன் செய்து, ஒன்றிலும் வெல்லாமல் பட்டத்தை இழந்தார். பிறந்த மண்ணில், தம் மக்கள் கண்ணெதிரில். உடனே கடைத்தெருவில் எழுந்த தீர்ப்பு, வயதாகிவிட்டது, ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது. சொன்னவர்கள் பகைவரல்லர், முந்தின வாரம் வரை நம்ம ஆனந்த் என்றவர்களே. 'நம்ம' என்ற அடைமொழி பத்து ஆட்டங்களுக்குள் உதிர்ந்து போயிற்று. நான்கு மாதம் கழித்து, ரஷ்யாவில் நடந்த தகுதிப் போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் அவர் முதலிடம் பெற்றார். 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் வென்றார். அடைமொழி திரும்பி வந்துவிட்டது என்று சொல்லத் தேவையில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய குணமோ என்றால், அன்று. சீன நாட்டில் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. சாங்காய் நகரின் யாவ் மிங், 2.29 மீட்டர் உயரமுள்ள கூடைப்பந்து வீரர். 2002இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் வீரர் தேர்வில் முதல்வராக ஹூஸ்டன் அணியால் தெரிந்தெடுக்கப்பட்டார். வருமானத்தில் ஒரு பங்கைத் தாய்நாட்டுச் சங்கத்துக்கும் பழைய கழகத்துக்கும் தருவதென்றும், தேசிய அணி அழைக்கும்போதெல்லாம் திரும்பி வருவதென்றும் ஒப்புக்கொண்ட பிறகே அவர் புறப்பட முடிந்தது. அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் சீனாவில் காலை நேரம். வேலை நேரத்திலும் பள்ளி நேரத்திலும் கோடிக்கணக்கானோர் அவரைப் பார்த்தனர். 2003ஆம் ஆண்டின் நட்சத்திர ஆட்டத்துக்கு இரசிகர்கள் வாக்களித்தபோது, சீன மொழியிலும் வாக்களிக்க வழி செய்யப்பட்டது; முதலாண்டு வீரரான யாவ் மிங், புகழின் உச்சியிலிருந்த ஷாகீல் ஓ'நீலை வாக்கில் முந்தினார்.

அவருக்கு ஓராண்டு முன்னரே அமெரிக்கா சென்ற முதல் சீன வீரர் வாங் சிசி. படைத்துறை அணியிலிருந்து வந்தவர். 2002இல் தேசிய அணியின் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டளைக்கு அவர் இணங்கவில்லை; அமெரிக்காவிலேயே தங்கித் தம் ஆட்டத்தை வளர்த்துக்கொள்ள விரும்பினார். தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2006இல், நாடு திரும்பி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்ட பிறகே மீண்டும் அந்தச் சட்டையை அணிந்தார். ஒரே நாடு, ஒரே விளையாட்டு, ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் தவப்புதல்வர், மற்றவர் ஊதாரிப் பிள்ளை. ஆட்டத் திறமையை வைத்து இப்பிரிவினை செய்யப்படவில்லை. அழைத்தபோது வந்தாரா என்பதே அளவுகோல்.

வந்தவருக்கு நேர்ந்தது என்ன? 2008 பிப்ரவரியில் யாவ் மிங்கின் இடது பாதத்தில் எலும்பு முறிவு. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு ஆறு மாதமே இருந்தது. அறுவை முடிந்து, ஆகஸ்டில் அவர் களமிறங்கினார். சிச்சுவான் நிலநடுக்கத்தில் தப்பிய ஒன்பது வயதுச் சிறுவனைப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு, அணிவகுப்பில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றார். அடுத்த ஆண்டு அதே பாதம் மீண்டும் முறிந்தது. 2011 ஜூலையில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். கோடையிலும் ஓய்வின்றித் தேசிய அணிக்கு ஆடியதே அவர் பாதங்களைத் தேய்த்தது என்று கருதுவோர் உண்டு. அவரை வற்புறுத்தி ஆடவைத்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அவருக்கே நாட்டின் மீது அன்பு இருந்தது. ஆனால், கோடிக் கண்கள் ஒருவரை எதிர்பார்த்திருக்கும்போது 'என்னால் இயலாது' என்று சொல்ல அவருக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

புனித தாமஸ் அக்குவினாஸ் அன்பை இரண்டாகப் பிரிப்பதைக் குருமடத்தில் நாம் மனப்பாடம் செய்தோம். ஒன்று, ஒரு பொருளை நமக்காக விரும்புவது. மற்றொன்று, ஒருவருடைய நலத்தை அவருக்காகவே விரும்புவது. திராட்சை மதுவையும் குதிரையையும் விரும்புகிறோம். ஆனால் மதுவோடு நட்புக் கொண்டிருப்பதாக யாரும் சொல்வதில்லை என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. இரசிகரின் அன்பை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் விடை எளிதாக இல்லை. அதில் இரண்டும் கலந்திருக்கின்றன. வென்ற வீரர் நம் சிறுமையை மறக்கச் செய்கிறார். அந்த அளவில் அவர் நமக்கு மது. அவர் தோற்ற இரவு அவர் என்ன உண்டாரோ, உறங்கினாரோ என்று ஒரு கணம் எண்ணினோமாயின், அந்தக் கணத்தில் மட்டும் அவர் நமக்கு நண்பர்.

நாசரேத்து ஊராரின் மனநிலையும் இதுவே. கப்பர்நாகூமில் செய்தவற்றையெல்லாம் சொந்த ஊரிலும் செய்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைக்காதபோது, அதே நாளில், மலை விளிம்புக்கு இழுத்துச் சென்றார்கள். யோசேப்பின் மகன் அல்லவா என்று வியந்த வாய்கள்தாம் அவை.

பிறந்த ஊருக்கு அவர் ஒன்றும் கடன்படவில்லையா என்று வாசகர் கேட்கலாம். கடன் உண்டு. தாலாட்டிய மொழிக்கும், முதன்முதல் காய் நகர்த்த இடம் தந்த கழகத்துக்கும் உண்டு. ஆனால் நன்றியை வரிபோல் தண்டினால், பிறகு அதற்கு வேறு பெயர் இட வேண்டியிருக்கும். தாமே கொடுக்கும்போது அவர்கள் நிறையவே கொடுத்திருக்கிறார்கள். தம்மை வளர்த்த சாங்காய்க் கழகம் பண நெருக்கடியில் தள்ளாடியபோது, 2009இல் யாவ் மிங்கே அதை வாங்கித் தாங்கினார். ஆனந்த் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பி, இளையவர்களுக்கு வழிகாட்டினார். குகேஷும் அவர்களுள் ஒருவர். அந்த 2013 நவம்பரில், அரங்கின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுள் ஏழு வயதுச் சிறுவனாகக் குகேஷும் இருந்தார். ஒருநாள் அந்தக் கண்ணாடிக்குள் அமர வேண்டும் என்று தாம் விரும்பியதைப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். ஆனந்த் தோற்ற ஆட்டங்களைப் பார்த்துத்தான் அந்த ஆசை பிறந்தது.

இவையெல்லாம் உயர்ந்த மேடைக்காரர்களின் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் பங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் பலர். விடுமுறைக்கு வரும்போது அவர்களுக்குக் கோவிலில் முன்வரிசை. திருவிழாவில் ஒருநாள் உபயம் அவர்கள் பெயரில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் ஒப்பந்தம் பாதியில் முறிந்து, கடனோடு திரும்பி வந்தார். ஆறு மாதம் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது, கோவில் வாசலில் "எப்போது திரும்பிப் போகிறாய்?" என்ற கேள்வியைத் தாங்க முடியவில்லை என்றார். கேட்டவர்கள் அனைவரும் அன்போடுதான் கேட்டார்கள். அவரது தாய்மாமன்கூட அப்படித்தான் கேட்டார். வந்துவிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவருடைய பாட்டி ஒருவர்தான் என்று அந்த இளைஞர் சொன்னது நம் காதில் இன்னும் இருக்கிறது.

நம் சிப்காட் ஆலைகளில் இரும்பு உருக்கும் பணிக்கு வடக்கிலிருந்து வந்திருப்போருள் ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தவர் சிலர், கடைசி வரிசையில் நின்று திருப்பலி காண்கின்றனர். இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய திலீப் திர்க்கியைத் தந்த மாவட்டம் அது. அவர் பெயரைச் சொன்னதும் ஒருவரின் முகம் மலர்ந்தது. தம் ஊர்ப்பக்கத்தில் ஊருக்கு ஊர் ஹாக்கிப் போட்டி நடக்கும் என்றும், வென்ற அணிக்கு ஆட்டுக்கடா பரிசு என்றும், தாம் இரண்டு முறை வென்ற அணியில் இருந்ததாகவும் அரைகுறைத் தமிழில் சொன்னார். அவ்வூரில் அவரும் வெளியூர் சென்ற வீரர். இங்கே அவருக்கு 'வடக்கத்தியான்' என்ற ஒரே பெயர்.

இன்னும் ஒரு கூட்டத்தார் உள்ளனர். 1990 முதல் கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் படித்து, நம் பிள்ளைகளோடு ஓடி விளையாடுகின்றனர். ஆயினும் அவர்களுள் பலருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. தாங்கள் கண்ணால் காணாத இலங்கை அவர்களது நாடெனப் பதிவேடுகள் சொல்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்திய அணிக்கு ஆட முடியாது. ஒரு பிள்ளைக்கு இரு மாநிலங்கள் வழக்காடிய அதே டிசம்பரில், அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் சிறுவர் இருவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தனர். காய்களுள் ஒன்று தொலைந்து போயிருந்ததால், யானைக்குப் பதிலாகப் பாட்டில் மூடி ஒன்று நின்றது. சிங்கப்பூர் ஆட்டத்தின் படம் வந்த நாளிதழை நாம் எடுத்துச் சென்றிருந்தோம். பலகையின் இருபுறமும் இருந்த சிறு கொடிகளை இளையவன் நெடுநேரம் பார்த்தான். பின்னர் தலை நிமிர்ந்து, "நான் ஆடினால் என்ட மேசையில எந்தக் கொடி வைப்பினம், ஃபாதர்?" என்று கேட்டான்.